சிலிண்டர் மூடிக்கு ஸ்டட்டா, போல்ட்டா?

திருகோணமலைக்கு வடக்கே உள்ள சல்லி போன்ற மீன்பிடிக் கிராமங்களின் கண்ணாடியிழைப் படகுகளில் இருவீச்சு வெளியிணைப்பு எஞ்சின்கள் பரவலாகப் பயன்படுகின்றன. இவ்வகை எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் சுற்றுக்கு ஒருமுறை எரிபொருள் எரிகிறது. நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால், சிலிண்டர் மூடி ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் நொடிக்கு ஏறத்தாழ 83 அழுத்த அடிகளைத் தாங்கவேண்டும். மூடியை இறுக்கும் விசை அந்த அழுத்தம் தரும் விசையை விஞ்சினால்தான், மூடிக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கேஸ்கெட் கசியாது. அந்த இறுக்கத்தைத் தருவது போல்ட் அல்லது ஸ்டட்.

போல்ட்டை முறுக்கும்போது அது ஒரே நேரத்தில் இழுபடவும் முறுக்குப்படவும் செய்கிறது. அதன் உருக்கு மரை, பிளாக்கின் மென்மையான அலுமினிய மரைமீது அழுத்தத்தோடு உராய்கிறது. அடிக்கடி கழற்றிப் பூட்டினால் அலுமினிய மரை தேய்ந்துவிடும்.

ஸ்டட் என்பது இரு முனைகளிலும் மரையுள்ள, தலையில்லாத தண்டு; ஒருமுறை பிளாக்கில் பதிந்தால் அங்கேயே நிற்கும். சுழல்வது நட் மட்டுமே. உராய்வு உருக்கு மரைகளுக்கிடையே நிகழ்கிறது. பிளாக் பக்கம் பருமரையும் நட் பக்கம் நுண்மரையும் அமைக்கலாம் என்பதால் இறுக்கம் சீராக வரும். கேஸ்கெட்டும் நகராமல் அமரும்.

ஆனால் உப்புநீர் புகுந்தால் ஸ்டட்டுக்கும் மூடித் துளைக்கும் இடையே அரிப்பு திரண்டு, மூடியைக் கழற்றுவது கடினமாகும். மூடியை ஸ்டட்டுகளுக்கு மேலாகத் தூக்க இடமில்லாத, நெருக்கடியான எஞ்சினிலும் போல்ட்டே வசதி.

ஆகவே அடிக்கடி திறக்கும் பந்தய எஞ்சினுக்கு ஸ்டட் ஏற்றது. அரிதாகத் திறக்கும் கடல் எஞ்சினுக்கு, தயாரிப்பாளர் பொருத்திய போல்ட் போதும். எதுவானாலும் நடுவிலிருந்து வெளிநோக்கி, குறுக்கு வரிசையில், படிப்படியாக, கையேடு சொல்லும் முறுக்குவிசை அளவுக்கு இறுக்கவேண்டும். மரையில் எண்ணெய் இருந்தால் அதே முறுக்குவிசையில் இழுவிசை கூடும்; எனவே எண்ணெயிடுவதிலும் கையேட்டையே பின்பற்றவேண்டும்.