வைஃபை கேமரா 'ஆஃப்லைன்' காட்டுதா? ரீசெட் பட்டனை அழுத்தும் முன் இதைப் பாருங்க!

தூத்துக்குடி திரேஸ்புரம் போன்ற கடலோர ஊர்களில், விடியும் முன்பே படகு ஏறிவிடுகிறவர்களுக்கு வீட்டு வாசல் கேமரா பெரிய தெம்பு. ஆனால் ஆப்பைத் திறந்ததும் 'டிவைஸ் ஆஃப்லைன்' என்று வந்தால் மனசு பக்கென்று ஆகிவிடும். பதற்றப்படாதீங்க. கரையை விட்டு தள்ளிப் போனால் போனுக்கே சிக்னல் கிடைக்காது. அதனால் முதல் சந்தேகம் போன் மேல்தான்.

போன் சரியாக இருந்தால், வீட்டில் இருப்பவரிடம் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் யூடியூப் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்க. ஓடவில்லை, ரூட்டரில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிகிறது என்றால் ஃபைபர் லைனில்தான் கோளாறு. கேமராவை நோண்ட வேண்டாம். மெமரி கார்டு போட்டிருந்தால், இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பதிவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். கரண்டே போய்விட்டால் அதுவும் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ரூட்டர், கேமரா இரண்டுக்கும் ஒரு மினி யுபிஎஸ் இருந்தால் சின்ன மின்வெட்டைச் சமாளிக்கலாம்.

யூடியூப் ஓடுகிறது, கேமரா மட்டும் வரவில்லையா? விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இயங்கும். வேகமானதுதானே நல்லது என்று 5 கிகாஹெர்ட்ஸில் இணைக்கப் பார்த்தால் நாள் முழுக்க முயன்றாலும் சேராது. சுவரைத் தாண்டிப் போவதிலும் 2.4-தான் கெட்டி. புது ரூட்டர் மாற்றிய பிறகு கேமரா வேலை செய்யவில்லை என்றால், பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புது ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் வைத்துப் பாருங்க. பெரும்பாலும் கேமரா தானாகவே சேர்ந்துகொள்ளும்.

அப்பவும் வரலையா? கேமராவைக் கழற்றி ரூட்டர் பக்கத்தில் வையுங்க. அங்கே வேலை செய்தால், நடுவில் இருக்கும் கான்கிரீட் சுவரோ இரும்பு ஷட்டரோதான் காரணம்.

பகலில் நன்றாக ஓடி, இருட்டியதும் கட் ஆகிறதா? இதை வைஃபை பிரச்சினை என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய. இரவில் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும்போது கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும். அடாப்டர் பலவீனமாக இருந்தாலோ, வயர் ரொம்ப நீளமாக இருந்தாலோ அணைந்து அணைந்து எரியும். உப்புக் காற்றில் பின்னில் பச்சைப் பாசம் மாதிரி பிடித்திருந்தாலும் இதே கதைதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்க, பின் அரித்திருந்தால் அடாப்டரை மாற்றுவதே நல்லது.

ரீசெட் கடைசி வழி. சில கேமராக்கள் ரீசெட் ஆனதும் கம்பெனி கொடுத்த பழைய பாஸ்வேர்டுக்கே திரும்பிவிடும். அதை மாற்றாமல் விட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையலாம். 2016-இல் 'மிராய்' என்ற மால்வேர் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது இப்படிப்பட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். வீட்டில் திருட்டு ஏதாவது நடந்திருந்தால், ரீசெட்டுக்கு முன் மெமரி கார்டைக் கழற்றி வீடியோவை காப்பி எடுத்துக்கொள்ளுங்க.