வரப்பு திரும்பிய வருஷம்

எங்கள் அப்பா உபதேசியார். திருமானூர் பக்கம், கொள்ளிடத்தை ஒட்டிய கிராமம் எங்களுடையது. கோயில் மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பது, சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் செபம் நடத்துவது, சாகக் கிடப்பவர் தலைமாட்டில் உட்கார்ந்து செபமாலை சொல்வது எல்லாம் அவர் வேலை. 'எழுப்புதல்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அது புராட்டஸ்டண்ட் சபைக்காரர்களின் சொல். தூங்கிப்போன விசுவாசம் ஓர் ஊரில், ஒரு சபையில் திடீரென்று விழித்துக்கொள்வதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். கத்தோலிக்கர்களான எங்களுக்கு அது 'தியானம்'. தவக்காலத்தில் வெளியூர் சாமியார் வந்து மூன்று நாள் பிரசங்கம் செய்வார், நான்காம் நாள் ஊரே பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்.

நான் பத்தாம் வகுப்பு முடித்த வருஷத் தியானத்தை மறக்க முடியாது. எங்கள் அத்தை விதவை. அவர் கொல்லையை ஒட்டி நிலம் வைத்திருந்தவர் ஒவ்வொரு உழவிலும் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, ஒரு முழத்துக்கு மேல் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். கேட்கப் போன அத்தைக்குத் திட்டுதான் கிடைத்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. தியானம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் அந்த மனிதர் மண்வெட்டியோடு வந்தார். யாரையும் கூப்பிடவில்லை. பழைய இடத்தில் மண்ணை அணைத்து வரப்பு கட்டிவிட்டுப் போனார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் என்ன சொன்னாரோ, அது வெளியே வராது. ஆனால் களவாண்டதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு அப்பா சொல்லிக் கொடுத்த ஞானோபதேசத்திலேயே இருந்தது.

ஊர் முழுக்க அதே பேச்சு. அப்பா மட்டும், "மூணாம் மாசம் பார்ப்போம்" என்றார். மூன்றாம் மாதம் போய், ஆடி உழவும் வந்தது. வரப்பு அசையவில்லை. அந்த வருஷம் கடலை பிடுங்கியதும் அத்தை ஒரு படி அவித்து அந்த மனிதர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

இந்த மண்ணில் மனிதரை இப்படித் திருப்பும் வேலைக்கு அடித்தளம் போட்டவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்த இயேசு சபைக் குரு. ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அடைக்கல அன்னைக்குக் கோயில் எழுப்பினார். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி செய்தவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். என் அப்பாவுக்கோ அவருடைய உரைநடை நூலான 'வேதியர் ஒழுக்கம்'தான் உயிர். உபதேசியார்களுக்காகவே 1727-ல் எழுதியது. ஊரைத் திருத்தப் போகிறவன் முதலில் தன் மனதைத் திருத்திக்கொள்ளட்டும் என்று நினைத்துத்தான் முனிவர் அதை எழுதினார் என்று அப்பா நம்பினார்.

அவ்வளவு தமிழ் எழுதப்பட்ட பிறகும் பூசை மட்டும் லத்தீனிலேயே நடந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்தபடி முணுமுணுக்க, நாங்கள் பின்னால் செபமாலை உருட்டுவோம். 1962 முதல் 1965 வரை ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை மாற்றியது. சாமியார் எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் பேசிய முதல் ஞாயிறு அம்மா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு சொற்களும் ஒவ்வொன்றாக மாறின. இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார். பூசை திருப்பலியானது. என்னைக் கேட்டால், எங்கள் பக்கத்தில் நடந்த பெரிய எழுப்புதல் அதுதான். அதற்கு யாரும் சுவரொட்டி ஒட்டவில்லை.

சபைக்காரர்களின் வரலாற்றிலும் தமிழரிடமே தொடங்கிய எழுப்புதல் ஒன்று உண்டு. ஜான் கிறிஸ்டியான் அருளப்பன் திருநெல்வேலிச் சீமைக்காரர். மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்தவர். அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் எழுப்புதல் பரவிய செய்தியைக் கேட்டு அதற்காகச் செபித்தார். 1860 மார்ச்சில் அவருடைய கிறிஸ்டியான்பேட்டையில் அது மூண்டது. ஆணும் பெண்ணும் பாவத்தை வாய்விட்டு அறிக்கையிட்டு அழுதார்கள். அங்கிருந்து சுற்று வட்டாரத்துக்கும் பரவியது. வெள்ளைக்கார மிஷனரிகளில் சிலர் இதைப் பார்த்துத் தயங்கினார்கள். அழுகையை நான் சந்தேகிக்க மாட்டேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்றுதான் கேட்பேன்.

எங்களிடமும் எழுப்புதலைப் போன்ற ஒன்று உண்டு. கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் 1967-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் தொடங்கி, எழுபதுகளில் இந்தியாவுக்கு வந்தது. எங்கள் பக்கத்திலிருந்தும் சாலக்குடி அருகே முரிங்கூர் தியான மையத்துக்குப் பலர் போய்வந்தார்கள். குடியை விட்டவர்களை எனக்குத் தெரியும். செபித்தால் நோய் உடனே போய்விடும் என்று மருந்தை நிறுத்தியவர்களையும் தெரியும். அதைச் சொல்லாமல் விடுவது பாவம்.

ஆசிரியை வேலையில் ஓய்வு பெற்றுப் பெரம்பலூரில் இருக்கிறேன். இங்கே அன்பியம் நடக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டார் ஒருவர் வீட்டில் கூடி, நற்செய்தி வாசித்து, அதைத் தங்கள் வாழ்க்கையோடு வைத்துப் பேசுவது. மைக் கிடையாது, மேடை கிடையாது. அடங்காத பிள்ளை, அடைக்காத கடன், பேசாத மாமியார் எல்லாம் அங்கே வரும். சாதி மட்டும் வராது. ஒரே கிறிஸ்துவை நம்பியவர்களுக்கு இரண்டு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. அந்த வரப்பு மட்டும் தன் இடத்துக்குத் திரும்பவே இல்லை.

வருகிற வியாழன் அன்பியம் முதல்முறையாகக் காலனித் தெருவில் ஒரு வீட்டில். அந்த வீட்டு அம்மா நேற்று வந்து, "டீச்சர், காப்பி போட்டா எல்லாரும் குடிப்பாங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"போடும்மா. நான் முதல்லயே வந்துடறேன்" என்றேன்.