புல்லட் எப்படி நிற்கிறது?

1955இல் மெட்ராஸில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் பிறந்த பழைய புல்லட்டுகள் இன்றும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் எஞ்சினை முடித்த கையோடு முன்சக்கரத்துக்கு வந்துவிடுகிறார்கள். டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்ட வேண்டும். ஏன் என்று கேட்டால், "டிரம்முக்கு பவர் பத்தாதுங்க" என்பார்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் சுவையான அறிவியல் இருக்கிறது.

பிரேக்கின் வேலை வேகத்தை வெப்பமாக மாற்றுவது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 250 கிலோ, வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கொள்வோம். அந்த ஓட்டத்தில் இருக்கும் ஆற்றல் 50,000 ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அடுப்பில் சில நிமிடம் எடுக்கும் அந்த வேலையைப் பிரேக் மூன்றே வினாடியில் முடிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

இந்தச் சுமையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்கே வந்து சேர்கிறது. புல்லட்டின் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1370 மில்லிமீட்டர் இடைவெளி. நிற்கும்போது எடையை இரண்டு சக்கரமும் ஏறத்தாழச் சமமாகத் தாங்குகின்றன. அழுத்திப் பிரேக் பிடித்ததும் பாரம் முன்னே சாய்கிறது. 250 கிலோவில் சுமார் 200 கிலோவை முன் டயரே தாங்குகிறது. பின் டயர் தரையை லேசாகத் தொட்டபடி வரும். அதன் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் வழுக்குமே தவிர வண்டி நிற்காது. "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிரும்" என்ற ஊர் அறிவுரை மணலிலும் வளைவிலும் பொருந்தும். காய்ந்த நேர்சாலையில் படிப்படியாகப் பிடித்தால், வண்டியை நிறுத்துவது முன் பிரேக்தான்.

அப்படியானால் டிரம்மின் குறை என்ன? பலக்குறைவு அல்ல. சக்கரத்தின் நடுவே சுழலும் உருளைக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. கேபிளை இழுத்தால் ஒரு கேம் திரும்பி அவற்றை விரிக்கும். சுழலும் திசையோடு முனை நீட்டி நிற்கும் ஷூவை, டிரம் தானே மேலும் உள்ளிழுத்து அழுத்திக்கொள்கிறது. உராய்வு அழுத்தத்தைக் கூட்ட, அழுத்தம் மறுபடி உராய்வைக் கூட்டுகிறது. விரலால் கொஞ்சம் இழுத்தாலே பெரிய பலம் கிடைப்பதன் ரகசியம் இது. பின்னாளில் வந்த சில புல்லட்டுகளில் இரண்டு ஷூவையுமே இந்த வகையில் அமைத்தார்கள். அவை முன்னோக்கி ஓடும்போது பிரமாதமாகப் பிடிக்கும். ஏற்றத்தில் நிறுத்தி, வண்டி பின்னால் உருளப் பார்த்தால் அந்த உதவி மறைந்துவிடும். அதே பிரேக் அப்போது சோர்ந்து போகும்.

உராய்வைப் பெருக்கும் கருவி அதன் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே பெருக்கும். ஈரப்பதம் ஏறிய காலையில் முதல் பிடியிலேயே வெடுக்கென்று கவ்வும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால், பாதி வழியில் லீவர் ஹேண்டில்பார் வரை வரத் தொடங்கும். சூட்டில் டிரம் வெளிப்புறமாக விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது; ஷூவின் மேல் ஒட்டிய லைனரின் பிடிப்பும் தளர்கிறது. மூடிய பெட்டிக்குள் அடைபட்ட வெப்பத்துக்கு வெளியேற எளிய வழியில்லை.

டிஸ்க் காற்றில் சுழல்கிறது; இருபுறமும் பேடுகள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. சூட்டில் அதன் தடிமன் கூடினால் பேடுகளை நோக்கித்தான் கூடும். மழைநீரைச் சுழற்சி வீசியெறிய, மிச்சத்தைப் பேடு துடைத்துவிடுகிறது. முக்கியமாக, தானாக அழுத்திக்கொள்ளும் பழக்கம் அதற்கு இல்லை. கை இரண்டு பங்கு கேட்டால் இரண்டு பங்குதான் கிடைக்கும். 1969இல் ஹோண்டா சி.பி. 750 முன்சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க்கோடு பெருமளவில் உற்பத்தியாகி வந்த பிறகு, வேகமான மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு மாறின.

டிரம் இலவசமாகத் தந்த பெருக்கத்தை டிஸ்க்கில் திரவம் தர வேண்டும். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் அப்படியே பரவும் என்ற பாஸ்கலின் விதி இங்கே வேலை செய்கிறது. லீவர் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் சிறிய பிஸ்டன், பேடுகளை அழுத்தும் காலிபரில் பெரிய பிஸ்டன். பரப்பு எத்தனை மடங்கோ, விசையும் அத்தனை மடங்கு. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பிரேக் பலமாகும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. 16 மில்லிமீட்டர் பிஸ்டனுக்குப் பதில் 14 மில்லிமீட்டர் போட்டால், அதே விரல் பலத்துக்கு அழுத்தம் சுமார் 30 சதவீதம் கூடும். அதற்கு விலையாக லீவரும் 30 சதவீதம் அதிக தூரம் நகர வேண்டும்.

அந்தத் திரவத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி, குமிழி அமுங்கும், லீவர் பஞ்சாகும். பிளீடிங் செய்து ஏர் எடுப்பதும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதும் இதனால்தான்.

மாற்றும் வேலை பெரியது. டிரம் ஹப்போடு ஒன்றியிருப்பதால் ஹப்பை மாற்றி, ஸ்போக்குகளைப் புதிதாகக் கோக்க வேண்டும். காலிபரைத் தாங்கும் ஃபோர்க் காலும் தேவை. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் பாகங்கள் கிடைக்கும். ஒரே பக்கம் இழுக்கும் விசையைப் பழைய ஃபோர்க் தாங்குமா என்பதையும் பார்த்துத்தான் இறங்க வேண்டும். அத்தனை செலவு வேண்டாம் என்பவர்களுக்கு டிரம்மிலேயே வழி இருக்கிறது. டிரம்மின் வளைவுக்கு ஏற்ப ஷூவைத் தேய்த்துப் பொருத்தி, புது கேபிள் போட்டு, ஷூ தொடும் நொடியில் கேபிளும் கேமின் கையும் செங்கோணத்தில் நிற்கும்படி அமைத்தால், இழுக்கும் பலம் வீணாகாது.

எந்த பிரேக் போட்டாலும் கடைசி வார்த்தை டயருக்குத்தான். 72 கிலோமீட்டர் வேகத்தில் சுதாரிக்க ஒரு வினாடி ஆனால் அதற்குள் 20 மீட்டர் போய்விடும். நல்ல பிடிப்புள்ள சாலையில் நிற்க இன்னும் 29 மீட்டர். குளிர்ந்த டிரம்மே சக்கரத்தைப் பூட்டும் வலு உள்ளதென்றால், அந்த 29ஐ டிஸ்க் குறைக்காது. பத்தாவது பிடியும் முதல் பிடியைப் போலவே இருக்கச் செய்வதும், பூட்டும் எல்லைக்குச் சற்று முன்பே விரல் நிற்க உதவுவதும் டிஸ்க் தரும் பலன். புதிய வண்டிகளில் அந்த எல்லையை ஏ.பி.எஸ். காக்கிறது, மாற்றிப் பொருத்திய டிஸ்க்கில் அது இல்லை.

அதனால் பாகம் வாங்கக் கிளம்புமுன் முன் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 2311 என்று நான்கு இலக்கம் இருந்தால், அது 2011ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அந்த ரப்பர் இறுகியிருந்தால் முதல் செலவு டயருக்கு.