மழையில் விழிக்கும் குளம்

சோழமண்டலக் கடற்கரையின் மணற்குளங்களை நிரப்புவது வடகிழக்குப் பருவமழை. மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் நிலத்தடியில் உப்புநீரின்மேல் தனிப் படலமாகத் தங்குகிறது. கடலுக்கு இவ்வளவு அருகிலும் நன்னீர்ச் செடிகள் வளர்வது இதனால்தான்.

எது எங்கே வளரும்?

கரையோரச் சேறு: கோரை, சம்பு, நீர்முள்ளி
ஆழமில்லாத நீர்: ஆரைக்கீரை, கொட்டி, வள்ளைக்கீரை
நடுக்குளம்: அல்லி, நீருக்குள் வேலம்பாசி
உப்புப் படிந்த விளிம்பு: உமரி

பருவத்துக்குப் பருவம்

ஐப்பசி, கார்த்திகை: முதல் மழையில் சேற்றுக்குள் உறங்கிய கிழங்குகள் முளைக்கின்றன. நீர் ஏற ஏற அல்லியின் இலைக்காம்பும் நீள்கிறது. இலை எப்போதும் மேற்பரப்பிலேயே மிதக்கிறது.

மார்கழி முதல் மாசி வரை: நீர் தெளிந்து, வெயில் அடிவரை இறங்குகிறது. பாசிகள் அடர்ந்து, மீன்குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம் தருகின்றன. வெள்ளல்லி இரவில் விரிந்து, காலை வெயில் ஏறியதும் குவிகிறது.

பங்குனி முதல்: நீர் வற்றுகிறது, உப்பு ஏறுகிறது. இலைகள் கருகினாலும் கொட்டியும் அல்லியும் கிழங்காகத் தரைக்குள் பிழைத்திருக்கின்றன. ஆரைக்கீரையின் கெட்டியான வித்துறைகள் பல ஆண்டு வறட்சியையும் தாங்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

வறண்ட குளம் இறந்த குளமன்று. அதன் தரையில் வண்டி ஓட்டாதீர்கள், மண் அள்ளாதீர்கள். வீட்டு மீன்தொட்டிச் செடிகளை இங்கே விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை நீர்ப்பரப்பை மூடி, அடியிலுள்ள செடிகளுக்கு வெயில் கிடைக்காமல் செய்துவிடும். அதை எங்கே கண்டாலும் பணியாளர்களிடம் சொல்லுங்கள்.