மணிகளின் மர்மம் – 9: ஜாகரின் நீலம்

தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் இறங்கிவரும் ஏழுகல் வைரத் தோட்டைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழும்போது, 'புளூ ஜாகர்' என்பதை மட்டும் சற்றுக் குரலை உயர்த்திச் சொல்லும் வழக்கம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து, 1893-ஆம் ஆண்டில் 995 காரட் எடையுள்ள 'எக்ஸெல்சியர்' என்னும் மகா வைரத்தை ஈன்ற அதே சுரங்கத்திலிருந்து, வந்த உயர்ந்த வெண்கற்களுக்கு ஏற்பட்ட பெயர் அது. சுரங்கம் மூடப்பட்ட பிறகும் பெயர் மட்டும் நம் கடைவீதிகளில் சிரஞ்சீவியாக இருக்கிறது. அந்தக் கல்லை வெயிலில் பிடித்தால் வெண்மையினூடே மெல்லிய நீலச் சாயை ஒன்று தெரியும். அந்த நீலத்தைத் தரும் வஸ்துவே வைரத்தை மஞ்சளாக்கும் வஸ்துவும் ஆகும் என்றால், நகைப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பெருமை பேசுகிறவர்கள் லேசில் ஒப்ப மாட்டார்கள்.

சுத்தமான வைரத்துக்கு வர்ணமே கிடையாது. கரி அணு ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த நான்கு அணுக்களை அவ்வளவு இறுக்கமாகப் பற்றியிருப்பதால், ஊதா முதல் சிவப்பு வரை நம் கண்ணுக்குப் புலனாகும் கிரணங்களில் எதற்கும் அங்குள்ள எலெக்ட்ரான்களைப் பெயர்த்தெடுக்கும் சக்தி இல்லை. ஆகவே அவை யாவும் தடையின்றி ஊடுருவிச் சென்றுவிடுகின்றன. ஆனால் பூமியின் கர்ப்பத்தில் வைரம் விளையும்போது கரி அணு இருக்க வேண்டிய ஸ்தானத்தில் நைட்ரஜன் அணு புகுந்துவிடுவது மிகச் சாதாரணமான சம்பவம். அது தனித்தனியே சிதறி நின்றுவிட்டால் கல் அடர்ந்த மஞ்சளாகும். பெரும்பாலான கற்களிலோ, கோடிக்கணக்கான ஆண்டுகளின் உஷ்ணத்தில் அந்த அணுக்கள் மெல்ல நகர்ந்து இரண்டிரண்டாகவும் நான்கு நான்காகவும் கூடிவிடுகின்றன. அப்படிக் கூடியவை வர்ணம் எதையும் தருவதில்லை. காலியாகக் கிடக்கும் ஓர் அணு ஸ்தானத்தைச் சுற்றி மூன்று நைட்ரஜன் அணுக்கள் அமரும் இடங்களில்தான் விசித்திரம் நிகழ்கிறது. அந்த மூவர் கூட்டம் ஊதாக் கிரணங்களில் ஒரு பகுதியை விழுங்குவதால் கல்லில் வெளிறிய மஞ்சள் படிகிறது; அதே கூட்டம் சூரிய ஒளியில் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கிரணங்களையும் உண்டு, அவற்றை நீல ஒளியாக உமிழ்கிறது. வெளுத்த வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதைப்போல, அந்த நீலம் மஞ்சளை மறைத்து வெண்மையைத் தூக்கிக் காட்டுகிறது. மேல்நாட்டு வியாபாரிகள் இன்று இந்தப் பிரகாசத்தை ஒரு குறையாகக் கருதி, உயர்ந்த கற்களுக்கு விலையைக் குறைக்கிறார்கள். எனக்கென்னவோ நம் பாட்டிமார் தீர்ப்பே ரசனையுள்ளதாகப் படுகிறது.

இந்த நீல ஒளியைத் துருவி ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் பெங்களூரில் இருந்தார்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமனுக்கு வைரத்தின்மீது தீராத மோகம். 1940-களில் அவருடைய சிஷ்யர்களுள் ஒருவரான அன்னா மணி, கல்லை ஒளியில் நிறுத்திப் பல மணி நேரம் காத்திருந்து, அது உமிழும் ஒளியின் நிறமாலையைத் தகடுகளில் பதிவுசெய்தார். நீலமாக ஒளிரும் வைரங்களில் 4152 ஆங்ஸ்ட்ராம் என்ற அளவில் ஒரு ரேகை தவறாமல் தென்படுவது அந்தச் சோதனைச்சாலையில் தெளிவாயிற்று. அந்த ரேகைதான் மேலே சொன்ன மூவர் கூட்டத்தின் முத்திரை. நைட்ரஜனே வைரத்திலுள்ள பிரதான அந்நியப் பொருள் என்பது 1959-இல்தான் நிரூபிக்கப்பட்டது. இத்தனை உழைப்புக்குப் பிறகு அந்த அம்மையார் சமர்ப்பித்த ஆராய்ச்சி நூலுக்கு, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லிச் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளிக்க மறுத்துவிட்டதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கசக்கிறது.

மெய்யான நீல வைரம் வேறு ஜாதி. கோல்கொண்டா ராஜ்யத்தின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படும் ஒரு பெருங்கல்லை, தவர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றார். 1673-இல் அது புதிதாகப் பட்டை தீட்டப்பட்டது. 1792-இல், புரட்சியின் கொந்தளிப்பில், களவு போயிற்று. பின்பு உருமாறி 'ஹோப்' வைரமாகி, 45.52 காரட் எடையுடன் 1958 முதல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. அதன் நீலத்துக்குக் காரணம் போரான். கரியைவிட ஓர் எலெக்ட்ரான் குறைந்த இந்த அணு, பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்கும் குறைவாக இருந்தாலே போதும், சிவப்புக் கிரணங்களை ஈர்த்துக்கொண்டு நீலத்தை மட்டும் விட்டுவைக்கும். சாதாரண வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. இது ஓரளவு கடத்தும். புற ஊதா விளக்கைக் காட்டி அணைத்தால், இந்த நீலக் கல் சிறிது நேரம் நெருப்புத் துண்டுபோல் செந்நிறமாகக் கனன்றுகொண்டிருக்கும்.

போரான் பூமியின் மேற்பரப்பிலும் கடல்நீரிலும்தான் மிகுதி. அது வைரம் விளையும் ஆழத்துக்கு எவ்வாறு சென்றது? நீலக் கற்களுக்குள் சிக்கிய நுண்ணிய கனிமங்களைச் சோதித்து 2018-இல் வெளியான ஆராய்ச்சி, அவற்றுள் சில 660 கிலோமீட்டருக்கும் கீழே பிறந்தவை என்று காட்டியதோடு, கடலடித் தரை மெல்ல மெல்ல உள்ளே அமிழும்போது போரானையும் உடன் கொண்டுபோயிருக்கலாம் என்ற அனுமானத்தையும் முன்வைத்தது.

ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துப் பொக்கிஷசாலையிலுள்ள பச்சை வைரத்துக்கும், ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020-இல் மூடப்படும்வரை தந்த இளஞ்சிவப்புக் கற்களுக்கும் இத்தகைய அந்நிய அணு எதுவும் காரணமன்று. முன்னதில் கதிரியக்கம் கரி அணுக்களை இடம்பெயர்த்தது. பின்னதில் பூமியின் அழுத்தம் ஸ்படிகத்தையே நெளித்தது. இவ்விரண்டின் வரலாறும் அடுத்த வாரம்.