இழிவும் போதைப் பழக்கமும்

பாலினச் சிறுபான்மையரான இளைஞரிடையே மதுவும் பிற போதைப்பொருள்களும் கூடுதலாகப் பயன்படுகின்றன என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. தன்பாலாரிடம் ஈர்ப்புடையோர், இருபாலாரிடமும் ஈர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர் முதலியோர் இப்பிரிவில் அடங்குவர். அவர்களுடைய இயல்பே இப்பழக்கத்துக்குக் காரணம் எனச் சிலர் கருதுகின்றனர். இது தவறு. சுற்றியுள்ளோர் காட்டும் இழிவே இதற்கு முக்கியக் காரணமாகும்.

இதன் இயக்கத்தை அமெரிக்காவில் பணிபுரியும் அறிஞர் இலான் மேயர் 2003-ல் விளக்கினார். ஏளனமும் தாக்குதலும் ஒரு புறம். அவை எப்போது நேருமோ என்னும் அச்சம் மறுபுறம். தன்னை ஓயாமல் மறைத்துக்கொள்வதும், பிறர் சொல்லும் இழிவைத் தானே நம்பத் தொடங்குவதும் இவற்றோடு சேருகின்றன. இவ்வாறு இடைவிடாது நீடிக்கும் மன அழுத்தத்தைச் சற்றே மறக்கப் போதைப்பொருள் உதவுவதுபோல் தோன்றுகிறது. நாளடைவில் அதுவே பழக்கமாகிவிடுகிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவுக்கு அப்பால் அகத்தியமலைச் சாரலில் உள்ள போனக்காடு போன்ற இடங்களில் இச்சிக்கல் எவ்வாறு அமையும் என்று எண்ணிப் பார்க்கலாம். தேயிலைத் தோட்டத் தொழில் நின்றுபோன பின்னும் அங்குத் தமிழ்க் குடும்பங்கள் பழைய லயங்களில் வாழ்கின்றன. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும் குடியிருப்பில், இளைஞர் ஒருவரின் மனச்செய்தி மறைவாக இருப்பது அரிது. ஒத்த இயல்புடைய தோழரைக் காண்பதும் அரிது. மருத்துவ உதவியும் தொலைவிலேயே உள்ளது. சிகிச்சையை நாடுவோர் குடிகாரர் என்ற பெயரோடு மற்றோர் இழிபெயரையும் சுமக்க நேரிடும். ஆதலால் பலர் உதவியை நாடாமலே இருந்துவிடுவர்.

ஆயினும் இழிவுக்கு ஆளாகும் எல்லோரும் போதையில் வீழ்வதில்லை. குடும்பத்தின் அன்பு இதில் பெரும்பங்கு வகிக்கிறது. கெயிட்லின் ரயானும் அவர் குழுவினரும் கலிபோர்னியாவில் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், குடும்பத்தால் மிகுதியாக ஒதுக்கப்பட்ட இளைஞர், ஒதுக்கல் இல்லாத அல்லது குறைந்த குடும்பத்து இளைஞரைவிடச் சட்டவிரோதப் போதைப்பொருளை நாடும் வாய்ப்பு 3.4 மடங்காக இருந்தது. தாய் தந்தையர் ஒதுக்கும்போது, நம்பத்தக்க ஆசிரியரோ உறவினரோ தோழரோ தரும் ஆதரவு மீண்டெழும் ஆற்றலை வளர்க்க வல்லது.

சட்டமும் துணை நிற்கிறது. திருநர் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-ல் உறுதிசெய்தது. 2015-ல் கேரள அரசு இவர்களுக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. வயது வந்தோர் இசைவுடன் கொள்ளும் தன்பாலுறவு குற்றமன்று என 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனநலச் சிகிச்சையில் பாலீர்ப்பு காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் விதி. இயல்பை மாற்றுவதாகக் கூறும் ‘சிகிச்சை’யைத் தடைசெய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் பணித்தது.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை எளியவை. வகுப்பில் எழும் ஏளனச் சொல்லை அப்போதே தடுத்தல் வேண்டும். மாணவர் நம்பிக் கூறிய செய்தியை அவர் இசைவின்றிப் பெற்றோரிடமோ அக்கம்பக்கத்தாரிடமோ வெளியிடலாகாது. போதைப் பழக்கம் தென்பட்டால் தண்டனைக்கு முன் காரணத்தைக் கேட்டறிதல் நன்று. தொலைவிலுள்ளோர்க்கு, 2022-ல் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணைக் கூறலாம். அதில் தமிழிலும் மலையாளத்திலும் பேச இயலும்.

போதையை மட்டும் நிறுத்தி, அதற்குத் தூண்டிய இழிவை அப்படியே விட்டுவைத்தால் பழக்கம் மீண்டும் தலைதூக்கக்கூடும். இழிவைக் களைவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.