ஊரில் பள்ளிக்கூடம் அடைத்தால் மும்பையில் வீடு நிறையும்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர் பகுதிகளில் உள்ள தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். இந்த வருஷம் ஊரிலிருந்து யார் வருகிறார்கள்? திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் முழுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் அடைத்ததும் அக்காள் குடும்பம், மைத்துனர் பிள்ளைகள், சாவதற்குள் ஒரு தடவையாவது பம்பாய் பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் வயதான தாயார் என்று வரிசையாக வண்டி ஏறுகிறார்கள். நகரத்தின் பெயர் 1995-ல் மும்பை என்று மாறிவிட்டது. ஊரில் இன்னும் பம்பாய்தான்.

வருகிறவர்களுக்கு அது உல்லாசப் பயணம். இங்கே இருப்பவர்களின் கதை வேறு. பத்துக்குப் பத்து அறையில் ஏற்கெனவே ஐந்து பேர். தினக்கூலிக்காரர் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு. ஆனால் விருந்தாளிகள் முன் முகம் சுளிக்க முடியுமா? ஊருக்குப் போகும்போதெல்லாம் புதுச் சட்டையும் வாசனைச் சோப்புமாகப் போய் இறங்கியவர்கள் அல்லவா! அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற மே மாதத்தில் வட்டிக்கு வாங்கி, அந்தக் கடனைத் தீபாவளி வரை கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். வந்து போனவர்களுக்கு இது கடைசி வரை தெரியாது.

உறவு வர வேண்டும்; அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. எப்போது வருவது, எங்கே படுப்பது, எப்போது திரும்புவது என்ற மூன்றையும் பேசி முடிவு செய்யாமல் வந்து இறங்குவதுதான் சங்கடத்துக்கெல்லாம் மூலம்.

திரும்பும் டிக்கெட்

ஊரிலிருந்து புறப்படுகிறவர்கள் வருவதற்கான டிக்கெட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். திரும்பும் டிக்கெட்டை "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. மே கடைசி வாரத்தில் தெற்கே போகும் வண்டிகளில் படுக்கை கிடைப்பது குதிரைக் கொம்பு. பத்து நாள் விருந்து ஒரு மாதமாக நீளுவதற்கு, பாசத்தைவிட டிக்கெட் கிடைக்காததே பல வீடுகளில் காரணம்.

முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் 120 நாளாக இருந்தது. பழைய கணக்கையே மனதில் வைத்துக்கொண்டு ஜனவரியிலேயே கவுண்டருக்குப் போய் ஏமாந்து வருகிறவர்கள் உண்டு. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள். மே 1-ந் தேதி ஊரில் வண்டி ஏற வேண்டுமானால் மார்ச் 2-ந் தேதி காலை 8 மணிக்குக் கவுண்டர் திறக்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். மே 31-ந் தேதி இங்கிருந்து திரும்ப, ஏப்ரல் 1-ந் தேதி. முட்டாள்கள் தினம் என்று நினைத்தால் நினைவிலிருந்து தப்பாது.

எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் எந்தக் கணினி முன்பதிவு நிலையத்திலும் டிக்கெட் எடுக்கலாம். ஊரில் இருக்கும் அத்தான் இங்குள்ள மைத்துனருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட்டையும் அவரே நாகர்கோவிலிலோ நெல்லையிலோ எடுத்துவிடலாம்.

சிறு பிள்ளைகள் விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே, தனிப் படுக்கை கேட்காவிட்டால், டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் படுக்கை வேண்டாமென்றால் அரை டிக்கெட், வேண்டுமென்றால் முழுக் கட்டணம். இது 2016 ஏப்ரலில் வந்த விதி. மிச்சம் பிடிக்க நினைத்து இரண்டு பிள்ளைகளுக்கும் அரை டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். தாய் ஒரு பலகையில் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்தே விடிய வைக்கிறாள். குறைந்தது ஒரு பிள்ளைக்காவது படுக்கை எடுப்பது நல்லது. முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. வயதைச் சரியாக எழுதிக் கொடுத்தால் கீழ்ப்படுக்கை கிடைக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டோடு படுக்கை வசதிப் பெட்டியில் ஏறினால் இறக்கிவிடுவார்கள். தத்கால் முதல் நாள் காலையில்தான் திறக்கும். குளிர்சாதன வகுப்புக்கு 10 மணி, சாதாரணப் படுக்கை வகுப்புக்கு 11 மணி. இணையத்தில் எடுப்பதற்கு 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்ப்பும் வேண்டும். குடும்பத்தில் ஐந்து பேர் இருக்கும்போது இதை நம்பி இருப்பது லாட்டரிச் சீட்டை நம்பி வீடு கட்டுவது போலத்தான். தெருமுனை ஏஜெண்டு வேறு யார் பெயரிலோ இருக்கும் டிக்கெட்டை நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். பணமும் போகும், நடுவழியில் அவமானமும் வரும். புறப்பட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, மக்கள் இவர்களில் ஒருவர் பெயருக்கு உறுதியான டிக்கெட்டை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. வண்டி புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு மேற்பார்வையாளரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வீடு சின்னது என்று சொல்லிவிடுங்கள்

ரயில்வே விதியைச் சொல்வது சுலபம். வீட்டு விஷயத்தைச் சொல்வதுதான் கஷ்டம். ஆனாலும் டிக்கெட் எடுக்கும் முன்பே போனில் சொல்லிவிட வேண்டியது இதுதான்.

"அத்தான், தாராளமா வாங்க. வீடு மட்டும் சின்னது. அக்காவும் பிள்ளைகளும் உள்ளே படுத்துக்கிடட்டும். நாம ரெண்டு பேரும் மேல்மாடியிலே பாய் விரிச்சுக்கிடுவோம். தண்ணி காலையிலே கொஞ்ச நேரந்தான் வரும்."

"அதுக்கென்ன மாப்ளே, இங்கே மட்டும் அரண்மனையிலயா படுத்துக் கெடக்கோம்?"

இவ்வளவுதான் பேச்சு. இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பலர் விருந்தாளிகளை லாட்ஜில் தங்க வைத்து, பத்து நாள் வாடகையைக் கடனாகச் சுமக்கிறார்கள்.

தண்ணீரை லேசாக நினைக்கக்கூடாது. இந்த மாநகருக்குத் தண்ணீர் தருபவை ஏழு ஏரிகள். மே மாதத்தில் அவை வற்றிக் கிடக்கும். 2024-ல் மே 30 முதல் 5 சதவீதமும், ஜூன் 5 முதல் 10 சதவீதமும் மாநகராட்சி தண்ணீர் வினியோகத்தைக் குறைத்தது. ஆற்றிலும் கிணற்றிலும் குளித்துப் பழகியவர்களுக்கு ஒரு வாளித் தண்ணீரில் குளிப்பது புதிது. கூடுதலாக இரண்டு டிரம்கள் வாங்கி வைப்பது, புதிய பாத்திரம் பண்டம் வாங்குவதைவிட முக்கியமான செலவு. பொதுக் கழிப்பறை உள்ள குடியிருப்புகளில் காலை வரிசை எந்த நேரத்தில் குறையும் என்பதை வந்த அன்றே சொல்லிவிட்டால் பெண்களுக்குத் தொந்தரவு இராது. இதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற சங்கதியா என்று சிலர் கேட்கலாம். நான்கு நாளில் அக்காளும் தம்பி மனைவியும் பேச்சு முறிவது இதில்தான்.

எங்கே இறங்குவது?

தெற்கிலிருந்து புனே வழியாக வரும் வண்டிகள் கல்யாணைக் கடந்துதான் நகருக்குள் நுழைகின்றன. டோம்பிவிலி, முலுண்டு பக்கம் போகிறவர்கள் கல்யாணிலேயே இறங்கிவிடலாம். தாராவி, மாட்டுங்காவாசிகளின் உறவினருக்குத் தாதர் பக்கம். கடைசி நிலையமான வி.டி. வரை போய் மூட்டை முடிச்சுகளோடு திரும்பி வருவது வீண் அலைச்சல். (இன்று அதன் பெயர் சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். வி.டி. என்றால்தான் நம்மவர்களுக்கு விளங்கும்.) வண்டி எங்கெங்கே நிற்கும் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாதரில் முன்பு ஒரு குழப்பம் இருந்தது. மத்திய ரயில்வேக்கு ஒரு ஒன்றாம் பிளாட்பாரம், மேற்கு ரயில்வேக்கு ஒரு ஒன்றாம் பிளாட்பாரம். "ஒன்றில் நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் நின்றவர்கள் ஏராளம். 2023 டிசம்பரில் எண்களை மாற்றி 1 முதல் 14 வரை தொடராக்கிவிட்டார்கள். 8 முதல் 14 வரை மத்திய ரயில்வே.

லோக்கல் வண்டியும் ஞாயிற்றுக்கிழமையும்

ஊர் சுற்றிக் காட்ட எல்லோரும் தேர்ந்தெடுப்பது ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் தண்டவாளப் பராமரிப்புக்காக மெகா பிளாக் வைக்கிறார்கள். நடுப்பகலில் சில மணி நேரம் ஏதாவது ஒரு பாதையில் வண்டிகள் குறையும், அல்லது வேறு பாதையில் ஓடும். எந்தப் பகுதியில் பிளாக் என்பதை முந்தின நாள் செய்தியிலேயே பார்த்துவிட வேண்டும். அதைவிட நல்லது, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்காரர் கூடப் போய் லோக்கலில் ஏறி இறங்கக் கற்றுக் கொடுத்துவிட்டு, மற்ற நாட்களில் அவர்களாகவே போய்வரச் சொல்வது. வேலைக்குப் போகிறவரின் சம்பளம் தப்பும்.

கற்றுக் கொடுப்பதில் சிக்கனம் கூடாது. காலையில் நகரின் தென்பக்கம் போகும் வண்டியிலும், மாலையில் அங்கிருந்து திரும்பும் வண்டியிலும் பிள்ளைகளோடு ஏறவே கூடாது. 11 மணிக்குப் பிறகு புறப்பட்டு, 4 மணிக்குள் திரும்புவது, இல்லையென்றால் இரவு 9 மணிக்கு மேல் வருவது. எல்லா நிலையத்திலும் நிற்கும் ஸ்லோ வண்டியே போதும். வண்டி அரை நிமிடம்கூட நிற்காது. இறங்க வேண்டிய நிலையத்துக்கு முந்தின நிலையத்திலேயே வாசல் பக்கம் வந்துவிட வேண்டும். வாசலில் தொங்கக் கூடாது. 2025 ஜூன் 9-ந் தேதி மும்ப்ரா அருகே வாசலில் தொங்கிச் சென்றவர்கள் கீழே விழுந்து உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தினமும் போய்வந்து பழகியவர்களுக்கே அந்தக் கதி. ஊரிலிருந்து வந்த பையன்கள் இங்குள்ள பையன்களைப் பார்த்து ஆசைப்படுவார்கள். கண்டிக்கத்தான் வேண்டும்.

யாராவது ஏறி, யாராவது பிளாட்பாரத்தில் நின்றுவிட்டால்? ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். நின்றவர் அடுத்த வண்டியில் அங்கே போக வேண்டும். இருவரும் ஒரே சமயத்தில் தேடக் கிளம்பினால் மாலை வரை தேடவேண்டியதுதான். பிள்ளைகளின் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். கூட்டமில்லை என்று முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிவிட்டு அபராதம் கட்டுவது புதிதாக வருகிறவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. பெட்டியைக் காட்டிக் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் செல்லும் சுற்றுலா டிக்கெட்டும் கவுண்டரில் உண்டு.

கூட்டத்தில் ஏற முடியாத முதியவர்களுக்கு இப்போது மூன்றாம் மெட்ரோ வந்திருக்கிறது. 2025 அக்டோபரில் கப் பரேட் வரை முழுவதும் திறக்கப்பட்டது. தாராவியிலேயே ஒரு நிலையம். சித்திவிநாயகர் கோயிலுக்கும் ஒன்று, வி.டி.க்கும் ஒன்று.

எதைப் பார்ப்பது, எதை விடுவது?

ஒரு நாளில் கேட்வேயும் ஜுஹுவும் ராணி பாக் மிருகக்காட்சி சாலையும் பார்த்துவிடத் துடிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொண்டால் காலும் தப்பும், காசும் தப்பும். வி.டி. கட்டிடம், அருங்காட்சியகம், 1924-ல் கட்டி முடிக்கப்பட்ட கேட்வே, மாலையில் மெரின் டிரைவ் காற்று: இவை ஒரு நாளுக்குப் போதும். பெரும்பாலும் பணம் கேட்காத காட்சிகள்.

எலிபண்டா குகைக்குத் தனி நாள் வேண்டும். கேட்வேயிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம், அப்புறம் படிக்கட்டு. திங்கட்கிழமை குகை மூடியிருக்கும். 2024 டிசம்பர் 18-ந் தேதி அங்கே போன பயணிகள் படகின்மீது கடற்படைப் படகு மோதி, பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். உயிர்காப்பு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும். ராணி பாக் புதன்கிழமை மூடல். சித்திவிநாயகர் கோயிலில் செவ்வாய்க்கிழமை கூட்டம் தாங்காது. ஹாஜி அலிக்குப் போகும் பாதையைக் கடல் ஏற்றம் வரும்போது தண்ணீர் மூடிவிடும்; நேரம் கேட்டுக்கொண்டு போவது உத்தமம். பாந்திராவில் நடிகர் வீட்டு வாசலில் நின்றால் காவல்காரரைத்தான் தரிசிக்கலாம். இருந்தாலும் பிள்ளைகள் விடமாட்டார்கள்.

வயதானவர்கள் மூன்றாம் நாளே களைத்துவிடுவார்கள். மும்பை வெயில் நெல்லை வெயில் போலச் சுடாது, ஆனால் வியர்வை ஊற்றும். அவர்களை மாட்டுங்காவுக்கு அழைத்துப் போய், பூக்கடையும் வாழையிலைச் சாப்பாடும் காட்டினால் முகம் மலரும். செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கும் போகலாம். படிக்கட்டு உண்டு, மெதுவாக ஏற வேண்டும்.

மழைக்கு முன்

மும்பையில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வழக்கமான தேதி ஜூன் 11. 2025-ல் மே 26-ந் தேதியே வந்துவிட்டது. தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் வண்டி நின்றுவிடும்; தாழ்வான குடியிருப்புகளில் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகும். அந்த நேரத்தில் பத்துப் பேரோடு ஒரு அறையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியில் வந்து மே 20-க்குள் திரும்புவதுபோல் வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

போகும்போது துணிமணி, தோல் பை, பிளாஸ்டிக் வாளி என்று மூட்டை பெருத்துவிடும். படுக்கை வசதி வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ வரைதான் இலவசம். மங்கள்தாஸ் மார்க்கெட் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. துணி எடுக்க வேறு நாள் போக வேண்டும். அல்போன்சா மாம்பழத்தை ஏப்ரலில் ஆனை விலை கொடுத்து வாங்கவேண்டாம். மே நடுவில் விலை இறங்கும். நன்றாகப் பழுக்காத காயாகப் பார்த்து, வைக்கோல் வைத்த பெட்டியில் அடுக்கி ஏற்றிவிட்டால் நெல்லையில் இறங்கும்போது பக்குவமாக இருக்கும்.